ஏஇ1/ஏஇ3 பான்கெராட்டின்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் லேபில் சீக்கிரம் தீர்ந்துபோகும் ஆன்டிபாடி ஏஇ1/ஏஇ3 தான். திசுத் துண்டில் கெராட்டின் என்ற எபிதீலியப் புரதம் இருந்தால் அதைப் பிடித்துப் பழுப்பாகக் காட்டும் கலவை இது. ஊசி பயாப்சியில் உருவமே பிடிபடாத கட்டி வந்தால், கார்சினோமாவா (எபிதீலியச் செல் புற்றுநோய்), லிம்போமாவா (நிணநீர்ச் செல்), மெலனோமாவா (நிறமிச் செல்) என்று பிரிக்க முதலில் போடும் சிறிய பேனலில் இது கட்டாயம் இருக்கும். அந்த வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் இது எல்லாக் கெராட்டினையும் பிடிக்காது. சிகே18 என்ற வகை இதில் சிக்காது (சிகே என்றால் சைட்டோகெராட்டின், பின்னால் வருவது அதன் எண்). கல்லீரல் செல்களில் இருப்பதோ முக்கியமாக சிகே8, சிகே18. அதனால் கல்லீரல் செல் புற்றுநோயான ஹெபட்டோசெல்லுலார் கார்சினோமாவில் சாயம் மங்கலாக வரலாம், வராமலே போகலாம். அங்கே கேம்5.2 என்ற இன்னொரு கெராட்டின் ஆன்டிபாடியைக் கேட்பதுதான் நல்லது. கண்ட்ரோலுக்கு, அதாவது சாயம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் மாதிரிக்கு, தோலை மட்டும் வைப்பதும் எனக்குப் பிடிக்காது. தோலில் கெராட்டின் கொட்டிக் கிடக்கிறது. ஆன்டிஜென் ரிட்ரீவல் (மறைந்த புரதத்தைச் சாயத்துக்கு முன் வெளிக்கொணரும் படி) சரியாக நடக்காவிட்டாலும் அது பழுப்பாகிவிடும். கல்லீரல் துண்டும் கூடவே இருக்க வேண்டும். அது நிறம் பிடிக்காத நாளில் வரும் 'நெகட்டிவ்' எதையும் நான் ஏற்பதில்லை. பெரிய கட்டியை வெட்டாமல் அப்படியே ஃபார்மலினில் போட்டு அனுப்பினால் ஓரம் நன்றாக ஏறி நடுப்பகுதி வெளிறும், அது தனித் தலைவலி.

அடுத்தது சிகே7, சிகே20 ஜோடி. குடல் புற்றுநோய் என்றால் 7 நெகட்டிவ், 20 பாசிட்டிவ். நுரையீரல் அடினோகார்சினோமா நேர்மாறு. புராஸ்டேட்டில் பெரும்பாலும் இரண்டும் இல்லை. பரீட்சைக்கு இது போதும். நடைமுறையில் வயிற்றுப் புற்றுநோயும் கணையப் புற்றுநோயும் இந்த 7, 20 சேர்க்கைகளில் எதிலும் வரலாம். குடலைக் காட்டும் சிடிஎக்ஸ்2, நுரையீரலைக் காட்டும் டிடிஎஃப்1 ஆகிய மார்க்கர்கள் இல்லாமல் மூல உறுப்பைச் சொல்லத் துணிய மாட்டேன். 1982இல் மோல், ஃபிராங்கே குழுவினர் 19 கெராட்டின்களுக்கு எண் போட்ட பட்டியலில் சிகே20 இல்லவே இல்லை, பின்னால் சேர்ந்ததுதான். இருந்தாலும் தோலில் வரும் மெர்கெல் செல் கார்சினோமாவில் நியூக்ளியஸை ஒட்டி அது விழும் பொட்டைப் பார்க்கும் சந்தோஷம் எனக்கு இன்னும் குறையவில்லை.

நிணநீர்க் கணுவில் பழுப்பைப் பார்த்தவுடன் மெட்டாஸ்டாசிஸ் (பரவிய புற்றுநோய்) என்று எழுதிவிடாதீர்கள். கணுவைத் தாங்கி நிற்கும் ரெட்டிகுலம் செல்கள் சிலவும் கெராட்டின் பிடிக்கும், குறிப்பாக கேம்5.2 போட்டால். கிளை கிளையாக, மெல்லிய வால்களோடு தெரிந்தால் வழக்கமான சாயம் போட்ட எச்அண்ட்ஈ ஸ்லைடுக்குத் திரும்புங்கள். ரத்தக் குழாய்ப் புற்றுநோயான எபிதெலியாய்டு ஆஞ்சியோசார்கோமாவும் கெராட்டின் பாசிட்டிவாக வந்து கார்சினோமா வேஷம் போடும். ஆழமான திசுவில் ரத்தக்கசிவோடு அப்படி ஒரு கட்டி இருந்தால், ரத்தக் குழாய்ச் செல்லைக் காட்டும் ஈஆர்ஜி ஸ்டெயின் வரும்வரை ரிப்போர்ட் என் மேஜையிலேயே கிடக்கும்.