ஹைவே வாயிலில் காசு, கார்ட், டேக்: எது வேகம்?

2025 மே மாதத்திலிருந்து இலங்கையில் அதிவேகப் பாதையின் வெளியேறும் வாயில்களில் வங்கி அட்டையாலும் கட்டணம் கட்டலாம். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாவை ஏறிக் காலிக்குப் போகிறவருக்கும், கொட்டாஞ்சேனையிலிருந்து பேலியகொடை வழியாக விமான நிலையம் போகிறவருக்கும் சில்லறை தேடும் தொல்லை போயிற்று. ஆனால் வரிசை குறையும் என்று நம்பினால் ஏமாற்றம்தான்.

நுழையும்போது ரிக்கெட் எடுப்பது, வெளியேறும்போது அதைக் கொடுத்துத் தூரத்துக்கேற்ற கட்டணம் கட்டுவது என்ற முறை அப்படியே இருக்கிறது. மாறியது கடைசிப் படி மட்டும். அதிலும் ஊழியர் தொகையைப் பதிந்து, நீங்கள் அட்டையைத் தொட்டு, வங்கியிலிருந்து பதில் வரும்வரை பின்னால் நிற்பவர் ஹோர்னில்தான் கையை வைத்திருப்பார். சரியான காசைக் கையில் வைத்திருப்பவரே இன்னும் முந்துகிறார். ரிக்கெட்டை நீட்டும்போதே 'கார்ட்' என்று சொல்லிவிடுங்கள். இணைப்பு விழுந்தால் கைகொடுக்கக் கொஞ்சம் காசும் இருக்கட்டும். ரிக்கெட்டை மட்டும் தொலைக்காதீர்கள். எங்கே ஏறினீர்கள் என்பதற்கு வேறு சாட்சி இல்லை.

உண்மையில் நேரத்தை மிச்சப்படுத்துவது இ.டி.சி. டேக், அதாவது நிற்காமலே கட்டணத்தைத் தானாகக் கழிக்கும் மின்னணு டேக். முன்கண்ணாடியின் உட்பக்கம், பின்னால் வருவதைப் பார்க்கும் நடுக்கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டும் சின்ன ஸ்டிக்கர் அது. உள்ளே பற்றரி கிடையாது. தடத்துக்கு மேலுள்ள ரீடர் அனுப்பும் அலையிலேயே விழித்துத் தன் இலக்கத்தைச் சொல்லும். கணினி முற்பணக் கணக்கில் கழித்ததும் தடுப்பு எழும்பும்.

டேக் பிழைவிடும் இடங்கள் மூன்று. முதலாவது கண்ணாடி. உலோகம் கலந்த டின்ட், வெப்பத்தைத் திருப்பும் பூச்சு இரண்டும் அலையை மறைக்கும். அப்படிப்பட்ட கண்ணாடியில் நடுக்கண்ணாடியைச் சுற்றிக் கறுப்புப் புள்ளிகள் அச்சிட்ட பகுதி இருந்தால் டேக்கை அங்கே ஒட்டுங்கள். பெரும்பாலும் அங்கே பூச்சு இருக்காது. டேஷ்போர்டில் போட்டுவைத்துத் தேவைப்படும்போது தூக்கிக் காட்டுவது சரிவராது. இரண்டாவது இடைவெளி. முன்வாகனத்தை ஒட்டிப் போனால் யாருடைய டேக் வாசிக்கப்பட்டது என்பதில் குழப்பம் வரும். தடுப்பு உங்கள் பொனட்டில் இறங்கவும் கூடும். மூன்றாவது மீதி. காசு தீர்ந்த டேக்குடன் தடத்துக்குள் வந்தவர் பின்னாலும் போக முடியாது, முன்னாலும் போக முடியாது. அவர் ஒருவரால் மொத்தத் தடமும் முடங்கும். தடத்தின் வாயிலிலேயே மீதியைக் காட்டும் பலகை வைத்தால் பாதித் தலைவலி தீரும்.

கட்டாதவரைப் பிடிப்பது வேறு கதை. தடுப்பு இருக்கும்வரை அதுவே காவல். இந்தியாவில் 2021 பெப்ரவரியில் இதே மாதிரியான பாஸ்டேக் என்ற டேக்கைக் கட்டாயமாக்கி, டேக் இல்லாதவரிடம் இரட்டிப்புக் கட்டணம் அறவிட்டார்கள். 2025 நவம்பர் 15 முதல் அதைத் தளர்த்தி, யூ.பி.ஐ. என்ற கைபேசிக் கொடுப்பனவில் கட்டினால் 1.25 மடங்கு, காசாகக் கட்டினால் 2 மடங்கு என்று வைத்தார்கள். காசு கொடுப்பவர் தடத்தைப் பிடித்து வைத்திருக்கும் நேரத்துக்கு அதுதான் விலை. இங்கேயும் அப்படியொரு விலை வித்தியாசம் வராமல் ஆட்கள் டேக்குக்கு மாறமாட்டார்கள்.

தடுப்பையே எடுத்துவிட்டுக் கமராவால் இலக்கத் தகட்டைப் படிக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நிற்காமல் போகலாம், நல்லதுதான். ஆனால் கமரா தருவது இலக்கத்தை மட்டும். பில் போவது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவில் உள்ள பெயருக்கு. பெயர் மாற்றாமல் 'ஓபன் பேப்பரில்' மூன்று கை மாறிய வாகனத்துக்கு அந்தப் பெயர் யாருடையது? தெஹிவளையில் ஓடுகிற வேனின் தண்டப்பணம், அதை எப்போதோ விற்ற வவுனியாக்காரரின் வீட்டுக்குப் போய்ச் சேரும். சேறு படிந்த தகடு, வளைந்த தகடு, வேண்டுமென்றே மறைத்த தகடு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தினமும் பேலியகொடையில் ஏறி இறங்குகிறவர் டேக் எடுப்பது நல்லது. மாதத்துக்கு ஒருமுறை காலி போகிறவருக்குக் கார்ட் போதும். வாகனத்தை விற்பவர்கள் டேக்கை உரித்துக் கணக்கை மூடிவிட்டு, பெயர் மாற்றப் படிவத்தையும் கையோடு திணைக்களத்தில் ஒப்படைத்துவிடுங்கள். வாங்கியவர் 'பிறகு மாத்துறன் அண்ணை' என்று சொன்னால் சாவியைக் கொடுக்காதீர்கள்.