நோக்கியா என்95-ஆ, முதல் ஐபோனா?

2007-இல் வசதிப் பட்டியலை மட்டும் பார்த்தால் என்95 பக்கத்தில் ஐபோன் நிற்கவே முடியாது. கார்ல் சைஸ் லென்ஸோடு 5 மெகாபிக்சல் கேமரா, வீடியோ, ஜிபிஎஸ், 3ஜி, மெமரி கார்டு. மேலே தள்ளினால் எண் பொத்தான்கள், கீழே தள்ளினால் பாட்டுக்கான பொத்தான்கள். திரையும் படுக்கைவாக்கில் திரும்பிக்கொள்ளும். ஐபோனில் 2 மெகாபிக்சல்தான். வீடியோ எடுக்கும் வசதி, 3ஜி, படத்தைச் செய்தியாக அனுப்பும் எம்எம்எஸ், ஏன், காப்பி-பேஸ்ட்கூடக் கிடையாது. விலையோ 499 டாலரில் ஆரம்பம்.

சரி, என்95-இல் என்ன குறை? பேட்டரி. இத்தனை வேலைக்கும் வெறும் 950 எம்ஏஎச். ஜிபிஎஸ், வைஃபை இரண்டையும் ஓடவிட்டால் சாயங்காலத்துக்குள் சார்ஜரைத் தேட வேண்டும். ரேமும் குறைவு, நாலு செயலியைத் திறந்தால் திணறும். அந்தப் புகார்கள் வீண் இல்லை. அடுத்து வந்த 8 ஜிபி மாடலில் பேட்டரியை 1200 எம்ஏஎச் ஆக்கி, ரேமையும் இரட்டிப்பாக்கினார்கள்.

இணையப் பக்கம் படிப்பதில் ஐபோன்தான். 3.5 அங்குலத் திரையில் இரண்டு விரலை விரித்தால் எழுத்து பெரிதாகும். என்95-இல் அம்புப் பொத்தானை அழுத்தி அழுத்தியே கட்டைவிரல் வலிக்கும். போட்டோவுக்கு மட்டும் என் ஓட்டு என்95-க்கு.