பெரியம்மா பேரில் ஒரு மொய்

வைகாசியில் உசிலம்பட்டியில் மகளுக்குக் காதணி விழா வைத்தோம். மொய் எழுதக் கணினிக்காரர்களைக் கூப்பிடலாம் என்றதும் சித்தப்பா உடனே ஒத்துக்கொண்டார். பழைய நோட்டில் கையெழுத்துப் புரியாமல், யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்வது என்று திண்டாடியவர் அவர். ஒன்று மட்டும் கேட்டார்: பிள்ளையார் சுழி போட்டு, மஞ்சள் தடவிய நோட்டில் தாய்மாமன் மொய்யைக் கையால் எழுதிய பிறகே கணினி. சரி என்றோம்.

வேலை சுத்தம். இரண்டு மடிக்கணினி, ரூபாய் எண்ணும் இயந்திரம், கையோடு ரசீது. சாயங்காலமே ஊர்வாரியாகப் பட்டியல் வந்துவிட்டது.

நடுவில் பெரியம்மா வந்தார். பெரியப்பா இறந்து ஆறு வருடம். ஆடு வளர்த்துச் சேர்த்த காசு. சுருக்குப்பையிலிருந்து 1001 ரூபாயை எண்ணி வைத்து, "எம் பேருலயே எழுதுப்பா" என்றார். இதுவரை மகன் பேரில்தான் எழுதுவோம். கணினித் தம்பி சித்தப்பாவைப் பார்த்தார்.

"வேணாம் மதினி. திருப்பிச் செய்யுறப்ப கணக்குக் குழம்பும்."

அந்தத் தம்பி பதில் பேசாமல் ஊர்ப் பேரோடு பெரியம்மா பேரையும் தட்டி, தேடினால் அது தனியாக வரும் என்று காட்டினார். கணக்குக் குழம்பாது என்று தெரிந்தும் சித்தப்பா முகம் மாறவில்லை. அப்புறம்தான் மனதில் இருந்தது வந்தது: "மகன் இருக்கையில இவுக பேரைப் போட்டா ஊரு அவனைத்தான் கேக்கும்."

பெரியம்மா மகன், எங்கள் அண்ணன், பந்தியிலிருந்து கை கழுவிவிட்டு வந்தான். "அம்மா காசு, அம்மா பேரு. கேட்டா நான் சொல்லிக்கிறேன்" என்றான். அதோடு முடிந்தது.

நோட்டை விட்டுக் கணினிக்கு மாறியதை அத்தனை பேரும் ஏற்றுக்கொண்டார்கள், அதில் யார் கௌரவமும் குறையவில்லை என்பதால். பேர் விஷயத்தில் மட்டும் 'வழக்கம்' என்று தயங்கினோம். வழக்கத்தைக் காக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே அண்ணனுடைய கௌரவத்தைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறோம். அவனோ அதைக் கேட்கவே இல்லை.

இந்தக் கணினி மொய்க்காரர்களைத் தைரியமாகக் கூப்பிடலாம். ரசீதுத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்குகிறது, பட்டியலைத் தனியாக அச்செடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று: 'தந்தை / கணவர்' கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி சேமிக்க மறுக்கிறது. பெரியம்மாவுக்கு அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்துத்தான் சேமித்தார்கள். அதை மாற்றித் தரச் சொல்லியிருக்கிறேன். அடுத்த விசேஷத்துக்குள் செய்து தருவதாகச் சொன்னார்கள்.