புகையை எந்த வழியால் அனுப்புவது? வன்னிப் பாடசாலை ஆய்வுகூடத்துக்கு நான்கு தெரிவுகள்

1 கிராம் செம்புத் துருவலைச் செறிந்த நைத்திரிக் அமிலத்தில் இட்டால் முக்கால் லீற்றருக்குச் சற்று மேலாக நைதரசன் ஈரொட்சைட்டு என்ற பழுப்பு நிற நச்சு வாயு வெளிவருகிறது. 10 மீற்றர் நீளம், 8 மீற்றர் அகலம், 3.5 மீற்றர் உயரமுள்ள ஆய்வுகூடம் முழுவதும் அது சீராகக் கலந்தாலும் காற்றில் பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 3 பங்கு இருக்கும். 15 நிமிடச் சராசரி 1 பங்கைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்காவின் தொழிற் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் எல்லை. இது ஒரு குழுவின் கணக்கு மட்டுமே. என் வகுப்பில் எட்டுக் குழுக்கள்.

இந்தக் கணக்கை ஒவ்வோர் ஆண்டும் உயர்தர மாணவர்களுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிறேன். அண்மையில் முல்லைத்தீவுப் பக்கத்துப் பாடசாலை ஆசிரியை ஒருவர், "சேர், கிடைக்கிற காசுக்கு எதை வாங்குவது?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். அவர் முன் இருந்த தெரிவுகள் நான்கு: கூரைக்கு மேல் குழாய் போகும் புகையுறிஞ்சி அலுமாரி, குழாய் இல்லாத வடிகட்டி அலுமாரி, சுவரில் பொருத்தும் காற்றாடி, முற்றத்து மரநிழல்.

சுவர்க் காற்றாடியை முதலில் ஒதுக்கிவிடலாம். மலிவு, ஒரே நாளில் பொருத்திவிடலாம், எல்லாம் உண்மை. ஆனால் அது புகையைப் பிறக்கும் இடத்தில் பிடிப்பதில்லை. மேசையில் எழுந்த வாயு பிள்ளைகளின் முகங்களைக் கடந்துதான் சுவரைச் சேரும். சமையலறைக்கு அது போதும், அமிலத்துக்குப் போதாது.

வடிகட்டி அலுமாரி பார்க்க அழகானது. கூரையில் துளை போடத் தேவையில்லை. உள்ளே இருக்கும் உயிர்ப்பூட்டிய கரி, தொலுயீன் போன்ற சேதன ஆவிகளை நன்றாகப் பிடிக்கும். அமோனியாவுக்கும் அமில வாயுக்களுக்கும் அவற்றுக்கென்று பதப்படுத்திய தனி வடிகட்டிகள் வேண்டும். நம் செய்முறைகளில் ஒரு நாள் அமோனியா, மறுநாள் ஐதரசன் சல்பைட்டு, அதற்கடுத்த நாள் பழுப்புப் புகை. ஒரே வடிகட்டி இவை அனைத்தையும் தாங்காது. நைத்திரிக் அமிலம் வலிமையான ஒட்சியேற்றி. கரியோடு சேரக் கூடாதது. எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது வேறு: கரி நிறைந்துவிட்டதை வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. காற்றாடி ஓடும், விளக்கு எரியும், வாயு அப்படியே அறைக்குள் திரும்பும். புதிய வடிகட்டிக்குக் கொழும்புக்கு எழுதி, பணம் ஒதுக்கி, அது வந்து சேரும்வரை யார் காத்திருப்பார்கள்?

குழாயுள்ள அலுமாரிதான் முறையான விடை. அதன் வாயில் காற்று வினாடிக்கு 0.4 முதல் 0.5 மீற்றர் வேகத்தில் உள்ளே போக வேண்டும். மனிதன் சாதாரணமாக நடப்பதே வினாடிக்கு 1 மீற்றருக்கு மேல். எனவே முன்னால் ஒருவர் விரைந்து கடந்தாலே அந்த இழுப்பு குலைந்துவிடும். வன்னியில் சோளகம் வீசும் மாதங்களில் திறந்த யன்னலால் வரும் காற்று இதைவிடப் பல மடங்கு பலம். நமது பாடசாலைகளில் யன்னல்களை அகலத் திறந்து, மேலே விசிறியையும் போட்டுவிட்டு அலுமாரியை ஓடவிடுகிறோம். வெக்கைக்கு அது சுகம். ஆனால் உள்ளே போக வேண்டிய புகையை அதுவே வெளியே வாரிக்கொண்டு வருகிறது. அலுமாரி ஓடும்போது அருகிலுள்ள விசிறியை நிறுத்துங்கள், காற்று வரும் பக்கத்து யன்னலைச் சாத்துங்கள்.

முன்பு நான் கற்பித்த ஒரு பாடசாலையில் அப்படியோர் அலுமாரி இருந்தது. உள்ளே பாதி இடத்தை அமிலப் போத்தல்கள் அடைத்திருந்தன. பழைய வரவுப் பதிவேடுகள்கூட இருந்தன. மாணவன் ஒருவன் அதன் விளிம்பிலேயே முகவையை வைத்துச் செம்பைப் போட்டான். காற்றாடி இரைந்துகொண்டிருந்தது. பழுப்பு நிறம் முகவையின் வாயில் தேங்கி, பின்னால் போகாமல், விளிம்பால் வழிந்து அவன் சட்டைப்பையின் உயரத்தில் படர்ந்ததை நான் கண்ணால் கண்டேன். உடனே வெளியே கூட்டிச் சென்றோம். மாலையில் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். இரவு மூச்சிழுத்தது, வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்கள். அவன் தேறிவிட்டான். நைதரசன் ஈரொட்சைட்டின் கொடுமை இதுதான்: பல மணி நேரம் கழித்தும் நுரையீரலில் நீர் கோக்கச் செய்யும். பின்னர் கூரையில் ஏறிப் பார்த்தபோது குழாயின் வாயில் மைனா கூடு கட்டியிருந்தது.

அன்றிலிருந்து ஒரு சிவப்பு நாடாவை அலுமாரியின் தரையில், வாயிலிருந்து 15 சென்ரிமீற்றர் உள்ளே, குறுக்காக ஒட்டிவிடுகிறேன். அதற்கு இப்பால் எந்தப் பாத்திரமும் வரக் கூடாது. பெரிய பாத்திரமென்றால் அடியில் கட்டை வைத்து உயர்த்துகிறேன், காற்று கீழாலும் போகட்டும் என்று. கண்ணாடிக் கதவு முகத்துக்கும் புகைக்கும் நடுவே நிற்கும் உயரத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். தலை ஒருபோதும் உள்ளே போகக் கூடாது. தொடங்கும் முன் மெல்லிய கடதாசிக் கீற்றொன்றை வாயில் தொங்கவிட்டுப் பாருங்கள். உள்நோக்கிச் சாய்ந்தால்தான் வேலை. இது வேகத்தை அளக்காது, ஆனால் மைனா கூட்டைக் காட்டிக்கொடுத்திருக்கும். மின் தடைப்பட்டால் கதவை முழுதாக இறக்கி, சுடரை அணைத்துவிட்டு, எல்லோரும் வெளியேற வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின் இல்லாதிருந்த நாட்டில் இந்த ஒத்திகையை விட்டுவிட முடியாது.

நான்காவது தெரிவான முற்றத்தை நான் மதிக்கிறேன். அலுமாரி இல்லாத பாடசாலைக்கு அதுதான் கைவசம் உள்ள நல்ல வழி. ஆனால் பிள்ளைகளில் பெரும்பாலோர் வயலில் மருந்தடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். காற்றுக்கு முதுகு காட்டி நில் என்பதே அவர்கள் கேட்டது. ஒரே இடத்தில் நின்று மேசையில் வேலை செய்பவருக்கு அது சரிவராது. முதுகில் பட்டுப் பிரியும் காற்று மார்புக்கு முன்னால் சுழன்று, புகையை முகத்துக்கே தூக்கிவரும். பக்கவாட்டில் காற்று படும்படி நிற்க வேண்டும். வாடை வீசும் மழை நாட்களில் முற்றம் கிடையாது. அன்று அந்தச் செய்முறையும் கிடையாது.

ஐதரசன் சல்பைட்டுக்கு மட்டும் முற்றத்திலும் கவனம் கூடுதலாக வேண்டும். கூழ்முட்டை நாற்றம் நின்றுவிட்டதென்றால் வாயு போய்விட்டதென்று அர்த்தமில்லை. செறிவு கூடும்போது மூக்கே மரத்துவிடும். குளோரீன் தயாரிப்பையும் அலுமாரி வரும்வரை தள்ளிவைக்கச் சொன்னேன். ஆனையிறவு உப்பைக் கொண்டு பரந்தனில் எரிசோடாவும் குளோரீனும் செய்த மண் இது. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கற்பிக்கலாம், செய்துதான் காட்ட வேண்டுமென்பதில்லை.

எந்தத் தெரிவானாலும் அளவைக் குறையுங்கள். 1 கிராம் செம்புக்குப் பதில் 0.05 கிராம் போட்டால் வாயு 40 மில்லிலீற்றர் அளவில் முடிந்துவிடுகிறது. பழுப்பு நிறம் சோதனைக்குழாயில் அப்போதும் தெளிவாகத் தெரிகிறது. இதற்குக் காசு தேவையில்லை.

ஆசிரியைக்கு நான் சொன்ன முடிவு: வடிகட்டி அலுமாரி வேண்டாம். காசைச் சேர்த்து, குழாயுள்ள ஒரே ஓர் அலுமாரி வாங்குங்கள், யன்னலுக்கும் கதவுக்கும் தூரமான மூலையில் வையுங்கள், குழாயைக் கூரைக்கு மேல் 3 மீற்றர் உயர்த்துங்கள். போத்தல்களுக்கு வேறொரு அலுமாரி செய்யுங்கள். அதுவரை 0.05 கிராமும் முற்றமும். சென்ற வாரம் அவர் தொலைபேசியில் அழைத்து, முற்றத்தில் மேசை போடும் இடத்தைத் தெரிவுசெய்துவிட்டதாகவும், காற்றின் திசை பார்க்க வேப்பங்கிளையில் துணி நாடா ஒன்றைக் கட்டியிருப்பதாகவும் சொன்னார்.