"சரி, தவறு" போதுமா, அளவும் சொல்ல வேண்டுமா?

பந்துவீசப் பழகும் பிள்ளையிடம் பயிற்சியாளர் இரண்டு விதமாகப் பேசலாம். "நல்ல பந்து", "தப்பு" என்று முடிவை மட்டும் சொல்லலாம். "ஓரடி அளவு குறைந்து விழுந்தது" என்று பிழை எந்தப் பக்கம், எவ்வளவு என்பதையும் சொல்லலாம். நம் மைதானங்களில் அதிகம் கேட்பது முதலாவது. என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.

இந்த இரண்டையும் ட்ரோபிரிட்ஜ், கேசன் என்ற உளவியலாளர்கள் 1932-லேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். கண்ணைக் கட்டியவர்களை 3 அங்குலக் கோடு வரையச் சொன்னார்கள். ஒரு குழுவிடம் எதுவும் சொல்லவில்லை. இன்னொரு குழுவிடம் பொருளற்ற அசைகளைச் சொன்னார்கள். மூன்றாவது குழுவிடம் சரியா தவறா என்று மட்டும் சொன்னார்கள். நான்காவது குழுவுக்கு, கோடு எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று எட்டில் ஓர் அங்குலக் கணக்கில் சொல்லப்பட்டது. முதல் இரு குழுக்களும் தேறவில்லை. சரி, தவறு கேட்டவர்கள் தேறினார்கள். அளவு கேட்டவர்களோ எல்லோரையும் விஞ்சினார்கள். இதில் வியப்பில்லை. "தவறு" என்று மட்டும் கேட்டவருக்கு அடுத்த கோட்டை நீட்டுவதா, குறைப்பதா என்பதே தெரியாது. பாதி முயற்சி ஊகத்தில் கரைந்துவிடும்.

சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு எண் பயன்படாது. அவர்களுக்கு "இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடு" என்பதே போதுமான அளவு.

அளவு சொல்வது என்று முடிவெடுத்த பிறகுதான் கடினமான கேள்வி வருகிறது. ஒவ்வொரு பந்துக்கும் சொல்வதா, விட்டுவிட்டுச் சொல்வதா? ஒவ்வொரு முறையும் சொல்வதே அக்கறை என்று பயிற்சியாளர்கள் பலர் மனதார நம்புகிறார்கள். வின்ஸ்டைன், ஷ்மிட் இருவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வு வேறு திசையைக் காட்டியது. பாதி முயற்சிகளுக்கு மட்டும், தொடக்கத்தில் அடிக்கடியும் போகப்போகக் குறைத்தும் முடிவைக் கேட்டவர்கள், மறுநாள் யாரும் எதுவும் சொல்லாமல் வைத்த சோதனையில், எல்லா முயற்சிக்கும் கேட்டவர்களைவிடத் துல்லியமாகச் செய்தார்கள். பயிற்சியாளரின் குரல் ஓயாமல் வந்துகொண்டிருந்தால், பந்து கையை விட்டுப் போகும் உணர்வைக் கவனிக்கும் தேவை பிள்ளைக்கு இல்லாமல் போகிறது. ஆட்டத்தின் நடுவிலோ அந்தக் குரல் இருக்காது.

இரண்டு வழிகளின் பலனையும் சேர்த்துத் தரும் முறை ஒன்று உண்டு; நான் பரிந்துரைப்பது அதைத்தான். பந்து விழ வேண்டிய இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கட்டம் போடுங்கள். கட்டத்துக்குள் விழுந்தால் பேசாதீர்கள். வெளியே விழுந்தால் மட்டும் பக்கத்தையும் அளவையும் சொல்லுங்கள். பேசாமல் இருந்தால் சரி என்று பொருள் என்பதைத் தொடங்கும்முன் பிள்ளையிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளும். கை பழகப் பழகப் பேச்சு தானாகவே குறையும். நீங்கள் நெடுநேரம் வாய் திறக்கவில்லை என்றால், கட்டத்தைச் சிறிதாக்கலாம்.