பெரிஞ்சர் எஸ்எஃப்300: சத்தம் பெரியது, விலை சின்னது, அடி யாருக்கு?

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இதோடு கிளம்பலாம். பெரிஞ்சர் கம்பெனியின் எஸ்எஃப்300 சூப்பர் ஃபஸ், அதாவது காலால் மிதித்தால் எலெக்ட்ரிக் கிட்டார் சத்தத்தைக் கரகரவென்று சிதைத்துத் தரும் பெட்டி, நல்ல பெடல். அமெரிக்கக் கடைகளில் 30 டாலரை ஒட்டி விற்கிறது, அந்தக் காசுக்கு இதைவிடக் கனமான ஃபஸ் புதிதாகக் கிடைப்பது கஷ்டம். ஆனால் அந்த 30 டாலர் எப்படிச் சாத்தியமாகிறது, அதனால் யார் வியாபாரம் அடிவாங்குகிறது என்பதை விட்டுவிட்டு இந்தப் பெடலைப் பற்றி எழுத எனக்கு மனசு வரவில்லை, அதனால் கொஞ்சம் நீளும்.

சத்தம் எப்படி? மூன்று மோடு இருக்கிறது, இரண்டு ஃபஸ், ஒரு பூஸ்ட் (சத்தத்தைத் தூக்கிவிடுவது). ஒரு ஃபஸ் மோடில் நடு அலைவரிசையை வழித்து எடுத்துவிட்டு அடியையும் உச்சியையும் மட்டும் விட்டுவைக்கிறது, டூம், ஸ்டோனர் என்ற கனமான ராக் வகைகளை வாசிக்கிற ஆட்கள் தேடி அலைவது இதைத்தான். இன்னொன்றில் நடுப்பகுதி மிச்சம் இருப்பதால் டிரம்ஸுக்கும் பேஸுக்கும் நடுவே கிட்டார் காணாமல் போகாது. நெக் பிக்கப்பை (கிட்டார் கழுத்துப் பக்கம் ஒலியைப் பிடிக்கும் காந்தம்) போட்டு 12-ஆவது ஃப்ரெட்டுக்கு மேலே ஒற்றை நோட் அடித்தால் அதே நோட்டின் மேல் ஸ்தாயி, அதாவது மேல் ஆக்டேவ், கூடவே எழும்பி வரும். இரண்டே சுரம் கொண்ட பவர் கார்டைத் தாண்டி முழு கார்டு அடிக்கப் போனால் குழம்பிவிடும், அது இந்த சர்க்யூட்டின் குணம், குறை என்று சொல்ல மாட்டேன். பூஸ்ட் மோடு பற்றி யாருமே பேசுவதில்லை, அடி ஒலியையும் உச்சி ஒலியையும் தனித்தனியாக ஏற்றி இறக்க முடிவதால் ஒரு வால்வ் ஆம்ப்ளிஃபையரைத் தள்ளி உறுமவிட அது ஒன்றே போதும், ஆனால் லெவலைக் குறைத்து வைத்துவிட்டு மிதியுங்கள், காது பத்திரம்.

உடம்பு பிளாஸ்டிக், சோப்பு டப்பா மாதிரி. மேலே இருக்கும் மிதிமூடியைக் கழற்றித்தான் பேட்டரி மாற்ற வேண்டும், அதற்கு இரண்டு பக்கக் கீல்களையும் பேனா முனையால் அமுக்க வேண்டும், மேடை இருட்டில் இதெல்லாம் நடக்கிற காரியமா! 9 வோல்ட் அடாப்டர் போட்டுவிட்டு பேட்டரியை மறந்துவிடுவது நல்லது. கெயினை (சிதைப்பின் அளவை) ஏற்றினால் இரைச்சலும் கூடவே ஏறும்.

சரி, இப்போது பூர்வீகம். எஸ்எஃப்300 என்பது பாஸ் (Boss) என்ற பெடல் கம்பெனியின் எஃப்இசட்-2 ஹைப்பர் ஃபஸ்ஸைப் பார்த்துச் செய்தது. அது 1993-லிருந்து 1997 வரை மட்டும் தயாரானது. அந்த எஃப்இசட்-2-வும் சுயம்பு இல்லை, 1960-களின் கடைசியில் ஜப்பானில் ஷின்-ஏ தயாரித்து யூனிவாக்ஸ் பெயரில் விற்ற சூப்பர் ஃபஸ்ஸின் வழியில் வந்தது. ஆகவே “திருட்டு” என்று கத்துகிறவர்கள் எந்தத் தலைமுறையிலிருந்து கணக்கு ஆரம்பிப்பது என்று முதலில் முடிவு செய்யட்டும். பெடல் செய்து விற்கும் சின்னப் பட்டறைக்காரர்களும் இதில் சுத்தமானவர்கள் இல்லை, இன்று 200 டாலருக்கு விற்கும் ஓவர்டிரைவ்களில் (ஃபஸ்ஸைவிட மென்மையாகச் சிதைக்கும் பெடல்கள்) எத்தனை, உள்ளே பிரித்துப் பார்த்தால் இபனெஸ் ட்யூப் ஸ்க்ரீமர் என்ற பழைய ஓவர்டிரைவின் பேரப்பிள்ளைகள்! பேட்டன்ட் எடுக்காத சர்க்யூட்டை யார் வேண்டுமானாலும் செய்யலாம், சட்டம் காப்பது பெயரையும் தோற்றத்தையும்தான். 2005-ல் பாஸின் தாய்க் கம்பெனி ரோலண்ட் பெரிஞ்சர்மீது போட்ட வழக்கும் பெடல்களின் தோற்றத்தைப் பற்றியதுதான், பெரிஞ்சர் வடிவத்தை மாற்றியது, 2006-ல் சமரசம் ஆனது. 2024-ல் க்ளான் சென்டார் என்ற பெயர்பெற்ற ஓவர்டிரைவ் பெடலை உருவாக்கிய பில் ஃபினகன் மாசசூசெட்ஸில் வழக்குப் போட்டதும் அப்படியே: 69 டாலருக்கு வந்த பெரிஞ்சர் பெடலில் தன் பெடலின் பெயரும் குதிரைமனிதன் படமும் இருக்கிறது என்றுதான் சண்டை. அப்புறம் அந்தப் பெரிஞ்சர் பெடல் “சென்டாரா” என்று பெயர் மாறியது.

பெரிய கம்பெனி பெரிய கம்பெனியோடு மல்லுக்கட்டட்டும், எனக்குக் கவலை இல்லை. பாஸ் எஃப்இசட்-2-வை எப்போதோ நிறுத்திவிட்டது, எஸ்எஃப்300 விற்பதால் அவர்களுக்கு ஒரு பைசா நஷ்டம் கிடையாது. அடி விழுவது வேறு இடத்தில். ஒருவர் ஷெட்டில் உட்கார்ந்து இதே சர்க்யூட்டை நல்ல உறுதியான பெட்டியில் செய்து விற்க நினைக்கிறார் என்று வையுங்கள். அலுமினியப் பெட்டி, அதற்குப் பெயின்ட், அச்சு, ஃபுட் ஸ்விட்ச், ஜாக், பொட்டன்ஷியோமீட்டர், நாப், போர்டு, அட்டைப்பெட்டி என்று சில்லறையாக வாங்கினால் பாகங்களுக்கே 30 டாலர் போய்விடும், சால்டரிங் வைக்கும் மணிநேரத்துக்கு இன்னும் கணக்கே போடவில்லை. கடை வழியாக விற்றால் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கடைக்காரருக்கு. அதனால்தான் அவருடைய பெடல் 150 டாலருக்குக் கீழே இறங்க முடிவதில்லை. பேராசை என்று இணையத்தில் திட்டுகிறவர்கள் ஒரே ஒரு பெடலை கிட் வாங்கிச் செய்துபார்த்துவிட்டு வந்து பேசலாம்.

அதிலும் தள்ளுபடிக் கடைகள் செய்வது தனிக் கதை. அமெரிக்காவில் மியூசிஷியன்ஸ் ஃபிரெண்ட் தினம் ஒரு பொருளை “ஸ்டுபிட் டீல்” என்று அடிமாட்டு விலைக்குப் போடுகிறது, ஜெர்மனியின் தோமன் ஹார்லி பென்டன் என்று சொந்தப் பிராண்டையே வைத்திருக்கிறது. ஒரு பெரிய கடை சின்னத் தயாரிப்பாளரின் பெடலை 40 டாலர் குறைத்துப் போட்டால், அதே பெடலை முழு விலைக்கு விற்க அலமாரியில் வைத்திருக்கும் ஊர்க்கடைக்காரர் அடுத்த ஆர்டர் போடுவாரா? மாட்டார். வாடிக்கையாளரை உட்காரவைத்து வாசித்துப் பார்க்கச் சொல்வது அவர், காசு போவது இணையத்துக்கு. “இந்த விலைக்குக் கீழே விளம்பரம் செய்யாதே” என்று அமெரிக்காவில் தயாரிப்பாளர் நிபந்தனை போடலாம். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் குறைந்தபட்ச விற்பனை விலையைக் கட்டாயப்படுத்தினால் சட்டவிரோதம். 2020-ல் பிரிட்டனின் போட்டி ஆணையம் ஆன்லைன் தள்ளுபடியைத் தடுத்ததற்காக கிட்டார் கம்பெனி ஃபெண்டருக்கு 45 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. வாங்குகிறவன் என்ற முறையில் எனக்கு அந்தத் தீர்ப்பு பிடித்திருக்கிறது. ஆனால் ஃபெண்டருக்குப் பொருந்துகிற அதே விதிதான் இரண்டு பேர் நடத்தும் பெடல் பட்டறைக்கும், அவர்களுக்கு அபராதம் கட்டவும் வழி கிடையாது, தள்ளுபடியைத் தாங்கவும் வழி கிடையாது.

கொஞ்சம் வளர்ந்தவர்கள் சமாளிக்கிறார்கள். அமெரிக்காவில் கான்சஸ் சிட்டிப் பக்கம் ஜேஎச்எஸ் என்ற பெடல் கம்பெனி 2020-ல் அலங்காரமே இல்லாத வெள்ளைப் பெட்டியில் 3 சீரிஸ் என்று 99 டாலருக்கு இறக்கியது, சொந்தப் பட்டறையில் செய்தது. கனெக்டிகட்டில் அனலாக் மேன் என்ற பெயரில் பெடல் செய்கிறவர் தன் “கிங் ஆஃப் டோன்” பெடலுக்கு வருஷக்கணக்கில் காத்திருப்போர் பட்டியல் வைத்து நேரடியாகவே விற்கிறார், அவரைத் தள்ளுபடி தொடவே முடியாது. பெயர் வாங்காத புது ஆளுக்கு இந்த இரண்டு வழியும் இல்லை. முன்பெல்லாம் ஒரு சாதாரண ஓவர்டிரைவோ ஃபஸ்ஸோ விற்றுக் கையில் காசு சேர்த்துக்கொண்டு கிறுக்குத்தனமான அடுத்த பெடலுக்குப் போவார்கள். அந்தச் சாதாரணப் பெடலின் இடத்தில்தான் இப்போது எஸ்எஃப்300 உட்கார்ந்திருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்த எஸ்எஃப்300-ஐயே வாங்கி, போர்டை மட்டும் உருவி, அலுமினியப் பெட்டியில் உறுதியான ஸ்விட்சோடு பொருத்தித் தருகிற சின்னப் பட்டறைகள் இருக்கின்றன. உங்களுக்கு இந்தச் சத்தம்தான் வேண்டும், மேடையிலும் மிதிக்க வேண்டும் என்றால் என் ஓட்டு அதற்கே. வீட்டில் வாசிக்க மட்டும் என்றால் செகண்ட் ஹேண்டில் ஒரு எஸ்எஃப்300 பிடியுங்கள், நிறையக் கிடைக்கும். வேறு ரக ஃபஸ் ஒன்றை ஒரு சின்னத் தயாரிப்பாளரிடம் கண்வைத்திருந்தால், எந்தக் கடையில் தள்ளுபடி வரும் என்று காத்திருக்காமல் அவருடைய சொந்தத் தளத்திலேயே ஆர்டர் போடுங்கள், நீங்கள் கொடுப்பது அதே விலை, கடைக்காரரின் பங்கும் சேர்ந்து அவருக்குப் போகும். பார்சலில் எஸ்எஃப்300 வந்ததும் மோடைப் பூஸ்ட்டில் வைக்காதீர்கள், ஃபஸ்ஸில் ஆரம்பியுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் வெளியூர் போன நாளாகப் பார்த்து.