உப்புத்தண்ணி, ஆர்ஓ, சாப்ட்னர்: அஞ்சு வருச அனுபவம்

கோயம்புத்தூர்ல சிறுவாணின்னா நல்ல தண்ணி, போர்ல வர்றது உப்புத்தண்ணி. நாங்க இருக்கற பக்கம் இன்னும் சிறுவாணி லைன் வரலைங்க, குடிக்க குளிக்க எல்லாத்துக்கும் போர் தான்.

மொதல்ல குடிக்கற தண்ணில உப்பெடுக்கற ஆர்ஓ மிஷின் வாங்குனோம். விக்க வந்த தம்பி ரெண்டு டம்ளர்ல கம்பி விட்டு கரண்ட் குடுத்தாப்ல, எங்க தண்ணி சாக்கடை கலருக்கு மாறிடுச்சு, அவர் கொண்டுவந்த தண்ணி அப்படியே தெளிவா நிக்குது, அம்மா மிரண்டுபோய் அன்னைக்கே அட்வான்ஸ் குடுக்க வெச்சுட்டாங்க. அது தண்ணியோட அழுக்கே இல்லைன்னு ரொம்ப நாள் கழிச்சு தான் தெரிஞ்சுது. இரும்புக் கம்பி கரைஞ்ச துருங்க அது. உப்பு இருக்கற தண்ணில கரண்ட் ஓடும், உப்பு எடுத்த தண்ணில ஓடாது, அவ்வளவுதான் வித்தை.

அவர் ப்ரீயா குடுத்த டிடிஎஸ் மீட்டரும், அதாவது தண்ணில மொத்தம் எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு காட்டற மீட்டரும், இதே கதை தான். உள்ள என்ன கரைஞ்சிருக்குன்னு அதுக்கு தெரியாது, கரண்ட் எவ்வளவு ஓடுதுன்னு பாத்து ஒரு நம்பர் சொல்லும். ஆர்ஓ தண்ணில ஒரு ஸ்பூன் சர்க்கரை கலக்கி விட்டேன், 90 அப்படியே நின்னுச்சு. ஒரு சிட்டிகை உப்பு போட்டேன், எகிறிருச்சு.

இது புரியாம தான் போர் தண்ணிய மென்மையாக்கற சாப்ட்னர் மாட்டுன அன்னைக்கு சண்டை போட்டேன். மீட்டர்ல உள்ள போறது 1350, வெளிய வர்றதும் கிட்டத்தட்ட அதே. பிட்டர் அண்ணன் சிரிச்சுட்டு, "மீட்டரை ஓரமா வெச்சுட்டு சோப்பு போட்டு பாருங்ணா"ன்னார். அதுவரைக்கும் திரிதிரியா வந்த சோப்பு நுரை பொங்குச்சு. கால்சியம், மெக்னீசியத்த பிடிச்சு வெச்சுட்டு பதிலுக்கு சோடியத்த விடுது, உப்பு குறையல, ஆள் தான் மாறுது. அதனால இந்த தண்ணிய குடிக்கறதில்ல, கருவேப்பிலை மரத்துக்கும் சாப்ட்னர் வழியா போகாத பைபாஸ் லைன் தான். இப்ப ஹார்ட்னஸ், அதாவது அந்த கால்சியம் மெக்னீசியம் எவ்வளவுன்னு பாக்க, தண்ணில சொட்டு சொட்டா மருந்து விடற கிட் தான் வெச்சிருக்கேன், சிவப்பு நீலமா மாற எத்தனை சொட்டுன்னு எண்ணுனா போதும். குடிதண்ணிக்கான ஐஎஸ் 10500 தரத்துலயே லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்னு டிடிஎஸ்க்கு 500, ஹார்ட்னஸ்க்கு 200ன்னு தனித்தனியா தான் இருக்கு, வேற தண்ணியே கிடைக்காத ஊர்ல டிடிஎஸ் 2000, ஹார்ட்னஸ் 600 வரைக்கும் விடறாங்க.

லாபம்னா கீசர் காயில் தான். முன்னாடி ஆறு மாசத்துக்கு ஒருக்கா கழட்டுனா முட்டை ஓடு மாதிரி வெள்ளையா அப்பியிருக்கும், எலுமிச்சை உப்புல ஊறவெச்சா சொய்ங்னு நுரைச்சு கரையும். இப்ப அந்த வேலை இல்ல. துவரம்பருப்பும் ஆர்ஓ தண்ணில சீக்கிரம் மசியுது, கால்சியம் இருந்தா பருப்பு இறுகிக்கும்.

கடுப்புன்னா ஆர்ஓ வேஸ்ட் தண்ணி. ஒரு குடம் குடிக்க மூணு குடம் வெளிய போகுது. அதுல வீடு துடைச்சோம், காஞ்சதும் தரையெல்லாம் கோலம் போட்ட மாதிரி வெள்ளைக் கோடு, இப்ப டாய்லெட்டுக்கு மட்டும். ரெண்டு வருசத்துல ஆர்ஓ தண்ணில 90ங்கறது 300 ஆச்சு, உள்ள உப்பை வடிகட்டற மெம்ப்ரேன் மாத்துனோம், அந்த ஒரு விசயத்துக்கு மீட்டர் உருப்படியான சாமான் தான்.

போன வாரம் பொண்ணு மீட்டரை இளநீர்ல விட்டு பாத்திருக்கா. போர் தண்ணிய விட டபுளுக்கு மேல காட்டுதாம், "இதையும் ஆர்ஓல ஊத்தலாமாப்பா"ங்கறா.